துண்டு போட்டு மூடிய போன்

போனை அணைக்க எத்தனையோ வழி இருக்கிறது. ராஜம்மாள் துண்டைப் போட்டு மூடினாள். சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கைத்தறிக் காலத்திலிருந்தே அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்தால் தறியில் பூட்டிய பாவு நூலின் மேல் ஒரு துணியை விரித்து மூடிவிட வேண்டும். தூசி விழாது, பல்லி ஓடாது. மூடியாயிற்று என்றால் அன்றைய பாடு முடிந்தது என்று அர்த்தம். இளம்பிள்ளையில் விசைத்தறி வந்து, தறியில் இறங்குகிற சேலையை மருமகள் அகல்யா பேஸ்புக் லைவில் நின்று விற்கிற காலமும் வந்துவிட்டது. ராஜம்மாளின் பழக்கம் மட்டும் மாறவில்லை. அன்றைக்கு லைவ் முடிந்தது என்று நினைத்து மருமகள் நாற்காலியில் சாய்ந்ததும், மாமியார் ஸ்டாண்டில் நின்ற போனின் மேல் ஒரு துண்டைப் போட்டாள். படம் மறைந்தது. சத்தம் மறையவில்லை.

அகல்யாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நாளைக்கு ஒரு நாள் தனம் நின்னு சேலையைக் காட்டட்டுமே அத்தை" என்று கேட்டாள். தனம் என்கிற தனப்பிரியா ராஜம்மாளின் மகள். ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலைக்காரர் வீட்டுக்கு வாழப்போனவள், தை மாதம் ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். பார்சல் கட்ட ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள் என்று வீதிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால்தான் ராஜம்மாளுக்கு அப்படி ஒரு கோபம்.

"புருசனை உட்டுட்டு வாழாவெட்டியா வந்து உக்காந்திருக்கறவளைக் கொண்டாந்து கேமரா முன்னால நிறுத்தறேங்கறயே, உனக்கு அறிவிருக்குதா? நாலு பேரு பாத்து நாலு கேள்வி கேட்டா என்ற மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது?"

நாலு பேர் இல்லை. துண்டுக்கு அந்தப் பக்கம் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அகல்யா அடுப்பைப் பற்ற வைத்தாள், போனைத் தொடவில்லை. அது அரிசி டின் மேல் கிடந்து உறுமிக்கொண்டே இருந்தது. பால் பொங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டுக் கடைசியில் எடுத்தாள்.

'அக்கா, உங்க நாத்தனார் நல்லா இருக்காங்களா?' என்று விசாரிப்புகள். மாமியார் என்றாலே இப்படித்தான் என்று சில தீர்ப்புகள். எங்கள் சித்தப்பா மகன் இரண்டாம் தாரத்துக்குப் பார்க்கிறான், ஜாதகம் அனுப்புங்கள் என்று ஒரு புண்ணியவதி. இத்தனைக்கும் நடுவே ஒருத்தி மட்டும், அந்த மாம்பழக் கலர் சேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். அகல்யாவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

ராஜம்மாளின் பழைய பட்டன் போனிலும் மணி அடித்தது. ஆத்தூர்ச் சம்பந்தியம்மாள். ராஜம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரியிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பார்சல் அறையிலிருந்து டேப்பைக் கிழிக்கிற சத்தம் மட்டும் வந்தது. தனப்பிரியா எழுந்ததும் வழக்கம்போல அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடப் போய்த் தேற்றலாம். டேப் ஒட்டுகிறவளை என்ன சொல்லித் தேற்றுவது?

அகல்யா தறிக்கூடத்துக்குப் போனாள். அவள் வாயசைவைப் பார்த்துவிட்டுப் புருஷன் மருதாசலம் தறியை நிறுத்தினான்.

"ஏனுங்க, பேஸ்புக் பக்கத்தை மூடிப்போடலாம்னு இருக்கறேன்."

"மூடறதுன்னா மூடிப்போடு."

"அப்பறம் சேலைய என்ன பண்றது?"

"முன்ன மாதிரி யாவாரிகிட்டயே போட வேண்டியதுதான்."

"அந்த வெலை கட்டுமாங்க?"

"கட்டாது." அவன் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டான். "நீயே ஒரு முடிவு பண்ணிக்க. நீ எது செஞ்சாலும் எனக்குச் செரி."

தறி மறுபடி ஓடத் தொடங்கியது. மருதாசலம் நல்ல மனுஷன்தான். அடிக்கமாட்டான், அதட்டமாட்டான், மருமகள் மாமியார் பேச்சில் தலையிடமாட்டான். ஆனால் 'நீ எது செய்தாலும் சரி' என்கிற ஆண்பிள்ளையோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு அலுப்பு என்று நடத்துகிறவளைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வாரமாக இந்தக் கதையைப் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்தும் இருக்கும். அகல்யாவுக்கு இந்த லைவ் வெறுத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

தினமும் பொழுது சாய்ந்தால் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, வட்ட விளக்கின் முன்னால் நின்று 'வணக்கம் சிஸ்டர்ஸ்' என்று சிரிக்க வேண்டும். முந்தியை விரித்துக் காட்ட வேண்டும், பார்டரைக் கிட்டத்தில் காட்ட வேண்டும், கலர் போகுமா போகாதா என்று ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு சிரித்திருக்கிறாள். ராசிபுரத்து ஹாஸ்டலில் மகள் அம்மை வார்த்துக் கிடக்கிறாள் என்று தகவல் வந்த அன்றைக்கும் சிரித்திருக்கிறாள். அவளுடைய அப்பா செத்துக் காரியம் முடிந்த வாரம், குங்குமக் கலர் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது, 'அக்கா, இன்னிக்கு ஏன் டல்லா இருக்கீங்க?' என்று ஒருத்தி எழுதினாள். அதைப் படித்துவிட்டு அகல்யா இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள்.

அன்றைக்கே மூடியிருக்கலாம். ஆனால் மூட ஒரு காரணம் வேண்டுமே? பொம்பளை ஓய்ந்துபோனாள் என்று எந்த வீட்டில் நடக்கிற வியாபாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள்?

இப்போது காரணம் தானாக வந்து வாசலில் நின்றது. நாத்தனாரின் மானம். அதை யாரும் மறுத்துப் பேச முடியாது.

"கோயில்ல பூக் கேட்டுப் பாத்துரலாம் சாமி" என்றாள் ராஜம்மாள். "ஆத்தா என்ன சொல்றாளோ அதும்படி செய்யலாம்."

அந்த வட்டாரத்தில் கல்யாணம் என்றாலும் கிணறு என்றாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் யாரும் முடிவு செய்வதில்லை. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே சொல்லி வேண்டிக்கொண்டு, ஏதாவது ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவுக்கு அப்பீல் கிடையாது.

கிளம்பும்போது அகல்யா பார்சல் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தனம், கோயிலுக்குப் போறோம். வாரியா?"

"நீங்க போயிட்டு வாங்கண்ணி. பார்சல் கெடக்குது."

ராஜம்மாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் அதில் ஒருத்தியாவது, 'அகல்யா, புதுசா என்ன கலரு இறங்கியிருக்குது?' என்று கேட்டிருப்பாள். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ராஜம்மாளின் பிடி இறுகியது.

அங்காளம்மன் கோயிலில் கூட்டமில்லை. பூசாரி அர்த்தநாரி தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. என்னத்துக்குப் பூக் கேக்கோணும்? கல்யாணமுங்களா, போர்க் கெணறுங்களா?"

அகல்யாதான் சொன்னாள். "பேஸ்புக்குங்க."

பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார்.

"எங்கப்பன் காலத்துல இருந்து இந்தச் சன்னதியில இதை யாரும் கேட்டதில்லைங்க" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெசனப்படாதீங்க. நேத்து எங்கூட்டுலயும் லைவைக் கேட்டாங்க. எந்த ஊட்டுல இல்லாதது?"

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பூசாரி வீடு வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்ததும் ராஜம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் வாயால் சொன்னது. தன் கையால் போட்ட துண்டு. வேறு யாரையாவது திட்டலாம் என்றால் ஆளே இல்லை.

நந்தியாவட்டை ஒன்றும் செவ்வரளி ஒன்றும் இலையில் மடிந்தன.

"வாய் உட்டுச் சொல்லி வேண்டிக்கங்கம்மா."

"ஆத்தா, என்ற புள்ளை மானம் சந்தி சிரிச்சுப் போச்சு. இந்தக் கருமத்தை மூடிப்போட்டா அவளுக்கு நல்லதுன்னா வெள்ளைப் பூவக் குடு. நடத்தலாம்னா செவப்பக் குடு."

விளக்குப் போட வந்த ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை, கையை நீட்டி ஒரு மடிப்பை எடுத்தது. எடுத்ததும் வாயில் வைக்கப் போனது. பூசாரி பிடுங்கிப் பிரித்தார்.

வெள்ளை.

அப்பாடா என்றிருந்தது அகல்யாவுக்கு. முதலில் அதுதான் வந்தது. இனிமேல் பொழுது சாய்ந்தால் பூ வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், யாரையும் சிஸ்டர் என்று கூப்பிட வேண்டாம், சும்மா உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிக்கலாம். அவளுடைய களைப்புக்கு அம்மனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தனத்தின் ஞாபகம் வந்தது. பக்கத்தில் மாமியார் அழுதுகொண்டிருக்க, தான் டீயை நினைத்துக்கொண்டு நிற்பது வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராஜம்மாள் நேராகப் பார்சல் அறைக்குள் போனாள்.

"வெள்ளை வந்திருச்சு கண்ணு. ஆத்தாளே சொல்லிட்டா. இனி அந்தச் சனியனே நம்ம ஊட்டுல வேண்டாம்."

"செரிம்மா" என்றாள் தனப்பிரியா. ஒரு பார்சலைத் திருப்பிப் போட்டு டேப் ஒட்டினாள். பிறகு நிமிர்ந்து அகல்யாவைப் பார்த்தாள்.

"பக்கத்துல என்னன்னு எழுதி மூடுவீங்கண்ணி?"

"குடும்பச் சூழ்நிலை காரணமான்னு போடலாம்னு..."

"அப்படின்னா நானு."

தனப்பிரியா டேப்பைக் கீழே வைத்தாள்.

"நேத்து அம்மா பேசுனதை ஊரே கேட்டுச்சு. இன்னிக்குக் குடும்பச் சூழ்நிலைன்னு எழுதுனா, அது யாருன்னு கைப்புள்ளைக்கும் தெரியும். நாளைக்கு அண்ணன் யாவாரிகிட்டச் சேலையப் போட்டுட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வருவாரு. அதுக்கும் நானு. அடுத்த வருசம் ஒரு தறிய விக்கற மாதிரி வந்தா அதுக்கும் நானு. இவ வந்து உக்காந்தா, ஊட்டுப் பொழப்பே நின்னுபோச்சுன்னு ஆயுசுக்கும் நான் கேக்கோணும்."

"உனக்காகத்தான தனம்..."

"இல்லீங்கண்ணி."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்படக்கூட ஓய்ந்துபோனவள் பேசுகிற குரல் அது.

"உங்களுக்காக. நீங்க ஓஞ்சு போயிட்டீங்க, எனக்குத் தெரியும். லைவ் முடிஞ்சதும் ரெண்டு கன்னத்தையும் அமுக்கிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறீங்களே, அதை இங்கிருந்து தெனமும் நான்தான பாக்கறேன். முடியலைன்னா, முடியலைன்னு சொல்லி மூடுங்க. என்ற பேரைச் சொல்லி மூடாதீங்க."

"ஏன்டி, ஆத்தா சொன்னதுக்கே எதுத்துப் பேசறயா?" என்றாள் ராஜம்மாள்.

"ஆத்தாகிட்ட என்னயப் பத்தித்தானம்மா கேட்டீங்க? அண்ணியப் பத்தி நீங்க ஒண்ணும் கேக்கலையே."

ராஜம்மாள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

அகல்யா சேலைக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுருக்கென்று தைத்துவிட்டது. கன்னத்தை அமுக்கிக்கொண்டு உட்காருவது அவளுக்கே தெரியாத பழக்கம். கட்டின புருஷன் பார்க்கவில்லை. லைவில் தினமும் மூஞ்சியையே பார்க்கிற அத்தனை சிஸ்டர்களும் பார்க்கவில்லை. டேப் ஒட்டுகிறவள் பார்த்திருக்கிறாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

தனப்பிரியா ஒரு பார்சலை முடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அண்ணியை அழவிட்டாள். அதுவும் ஒரு மரியாதைதான்.

பொழுது சாய்ந்தது. அகல்யா தலைவாரவில்லை, பூ வைக்கவில்லை. வீட்டில் கட்டியிருந்த அதே சேலையோடு போய் வட்ட விளக்கைப் போட்டாள். என்ன நினைத்தானோ, மருதாசலம் தறிகளை நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றான். அவன் லைவைப் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

"வணக்கமுங்க" என்றாள் அகல்யா. வழக்கமான சிஸ்டர்ஸ் வரவில்லை. லைவில் பேசுகிற கடைத் தமிழும் வரவில்லை. "இன்னிக்குச் சேலை இல்லீங்க. நேத்து நீங்க கேட்டது எங்கூட்டுப் பேச்சு. அதுக்கும் நான் நிறுத்தறதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. என்ற நாத்தனாரு மேல ஒரு குத்தமும் இல்லை. எனக்கு முடியலைங்க, அவ்வளவுதான். தெனமும் சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் நோவுதுங்க. ஆர்டர் போட்டவங்களுக்குச் சேலை வந்து சேந்துரும். இனி லைவ் வரமாட்டேனுங்க."

பேசி முடித்துவிட்டுச் சிரிக்காமல் நின்றாள்.

திரையில் இதயங்கள் பறந்தன. 'ரெஸ்ட் எடுங்கக்கா' என்றார்கள். ஆஃபருக்காக நாடகம் போடுகிறாள் என்று ஒருத்தி எழுதினாள், அவளோடு இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். மாம்பழக் கலர் கேட்டவளும் வந்திருந்தாள். 'எனக்கும் முடியலைதான்க்கா. ஆனா நான் எதை மூடறது?' என்று கேட்டிருந்தாள்.

அகல்யா அதை இரண்டு தடவை படித்தாள். விரலால் அழுத்தி லைவை நிறுத்தினாள்.

"யாவாரிகிட்ட நாளைக்கே பேசறேன்" என்றான் மருதாசலம். சொல்லிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போகாமல், போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அகல்யா முழுவதையும் குடித்தாள்.

இனி பக்கத்தையும் மூடிவிடலாம் என்று பார்சல் அறையில் தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் துழாவினாள். எங்கெங்கோ போய், எதையெதையோ தொட்டு, கடைசியில் மூடுகிற இடம் வந்தது. நிச்சயமாகப் போகிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அடுத்ததாக, ஏன் போகிறீர்கள் என்று கேட்டது.

அகல்யாவின் விரல் அப்படியே நின்றது.

ஒரு போன் கேட்கிறது. விட்டுப் போகிறவளை நிறுத்தி, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கிறது. தை மாதம் ஒரு பையோடு தனம் வந்து வாசலில் நின்றபோது இந்த வீட்டில் என்ன நடந்தது? அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மருதாசலம் 'இருக்கட்டும், இருக்கட்டும்' என்றான். வீதிக்குச் சொல்ல ஒரு பொய்யை மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மறுநாள் அகல்யா தன் கையாலேயே டேப்பையும் கத்தரியையும் எடுத்துக் கொடுத்தாள். ஏன் வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும், வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்ற பயம்தான். ஊர் உலகமெல்லாம் நேற்றிலிருந்து கேட்கிற கேள்வியை வீட்டில் கேட்க ஆளில்லை.

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"தனம், நீ ஏன் வந்தே?"

டேப் கிழிகிற சத்தம் பாதியில் நின்றது.

தனப்பிரியா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பாதி ஒட்டிய டேப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"கேக்கவே மாட்டீங்கன்னு நெனைச்சுட்டேன்" என்றாள்.

கூடத்தில் ராஜம்மாளின் போன் அடித்தது. மறுபடியும் ஆத்தூர்தான். இந்தத் தடவை அது அடித்து ஓயவில்லை. ராஜம்மாளே கட் பண்ணினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அறை வாசலில் நின்றாள்.

"அம்மாவும் உக்காரட்டும்" என்றாள் தனப்பிரியா. "ரெண்டு தடவை என்னால சொல்ல முடியாது."

ராஜம்மாள் உள்ளே வந்தாள். தரையில் கிடந்த போன், பதிலுக்காக இன்னும் வெளிச்சமாக இருந்தது. பழக்கதோஷத்தில் அவள் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. துண்டை எடுத்து விரிக்கப் போனவள், நின்று, அதை நாலாக மடித்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

"அகல்யா, மொதல்ல அந்தப் போனை நெசமாலுமே அணைச்சுப் போடு சாமி" என்றாள்.

அகல்யா அணைத்தாள். ராஜம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.